மூன்று வோல்ட் மப்ளர்

நைனார்பாளையத்தில் கம்பளி நூலுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, நிலைவாசலுக்குத் தோரணம் பின்னி அதில் 'நல்வரவு' என்று எழுத்துக் கோப்பது. இன்னொன்று, பள்ளிக்கூடத்துக் கைவேலைக் கண்காட்சிக்கு ஐஸ் குச்சிகளைச் சுற்றிப் பூச்சாடி செய்வது. கழுத்தில் கட்டிக்கொள்ள என்று கேட்டு யாரும் வாங்கியதில்லை. வாங்கவும் முகாந்திரம் இல்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மார்கழியில் பல் கிட்டிக்கொள்ளும். அந்தக் குளிர் மலையை விட்டு இறங்கி, சின்னசேலத்தைத் தாண்டி எங்கள் ஊர் எல்லைக்கு வருவதற்குள் மனம் மாறித் திரும்பிப் போய்விடும். இப்படிப்பட்ட ஊரில், ஐம்பதைத் தாண்டிய குடும்பஸ்தன் ஒருவன் பங்குனி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து மப்ளர் பின்னினால் நாலு பேர் நாலு விதமாக நினைப்பார்கள். எங்கள் தெருவில் அந்த நாலு விதமும் ஒரே விதமாகத்தான் இருந்தது.

அது வெறும் மப்ளர் இல்லை, மின்சார மப்ளர் என்று நான் விளக்கியபோது, சந்தேகமாக இருந்தது உறுதியாயிற்று.

விஷயம் இதுதான். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் முறை வைத்து வரும். ராத்திரி முறை வந்தால் நடுச்சாமத்தில் எழுந்து போய் மோட்டார் போட வேண்டும், மடை திருப்ப வேண்டும். ஒரு கையில் செல்போன் வெளிச்சம், இன்னொரு கையில் மண்வெட்டி. வேட்டி அவிழ்ந்தால் பிடிக்க ஆண்டவன் மூன்றாவது கை வைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் எல்லாம் தலையில் மாட்டும் பேட்டரி விளக்கு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படிச் செய்யத் தெரியும். ஆனால் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது? உடுப்பே விளக்காக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியை நான் ஒன்றும் புதிதாகத் தொடங்கவில்லை. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். முடித்து அமெரிக்கா போன சுந்தரேசன் ஜெயராமன், அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் கல்லூரியில் 1996-லேயே ஒரு சட்டையில் இறங்கிவிட்டார். பணம் அமெரிக்கக் கடற்படையுடையது. அந்தச் சட்டையின் துணிக்குள்ளேயே ஒளியிழையும் மின்கடத்தும் நூலும் ஓடும். போர்க்களத்தில் சிப்பாய்மேல் குண்டு பாய்ந்தால் அந்த இடத்து இழை அறுபடும். எங்கே அறுந்தது என்பதை வைத்துக் காயம் எங்கே என்று கண்டுகொள்ளலாம். நாடித் துடிப்பு, சுவாசம் எல்லாவற்றையும் சட்டையே சொல்லும். 'உடுத்தும் மதர்போர்டு' என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சந்திரமோகன் கோபால்சாமி, ரங்கசாமி ராஜமாணிக்கம் என்று நம்மூர் வாடையடிக்கும் பெயர்கள்.

இதை நான் ராத்திரிச் சாப்பாட்டின்போது குரல் தழுதழுக்கச் சொன்னேன். என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "குண்டு பாஞ்சா சொல்லும், சரி. வரப்புல வழுக்கி வுழுந்தா சொல்லுமா?"

ஜெயராமன் இதையும் யோசித்திருப்பார் என்று சொல்லி வைத்தேன்.

மின்கடத்தும் நூல் இரண்டு வகையில் கிடைக்கிறது. நைலான் இழைமேல் வெள்ளிப் பூச்சு பூசியது ஒன்று. எஃகையே தலைமுடியைவிட மெல்லிய நாராக இழுத்து, பல நார்களைச் சேர்த்து முறுக்கியது இன்னொன்று. வெள்ளி நூல் மிருதுவாக இருக்கும், பின்னச் சுகமாக இருக்கும். ஆனால் வேர்வையிலும் துவையலிலும் கறுத்து, பூச்சு தேய்ந்துபோகும். எங்கள் வீட்டில் துவைக்கும் கல் இருக்கிறது. அந்தக் கல்லின்மேல் என் அம்மா இருக்கிறார். கூகுளும் லீவைஸும் கூட்டுச் சேர்ந்து 2017-இல் மின்நூல் நெய்த ஜீன்ஸ் கோட்டு ஒன்றை 350 டாலருக்கு விற்றார்கள். கையைத் தடவினால் செல்போனில் பாட்டு மாறும். அதையே பத்துத் தடவை துவைக்கலாம் என்றுதான் சொன்னார்கள். பத்துத் தடவை என்பது கம்பெனிக் கணக்கு. அம்மா கணக்கில் அது அரைத் தடவை. ஆகவே எஃகு நூலையே தருவித்தேன்.

பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே காகிதம், அதற்குள் காகிதம், அதற்குள் கட்டைவிரல் தடிமனில் ஒரு கண்டு. அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"வெள்ளியாடா?"

"எஃகும்மா."

"பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரையா இவ்ளோ காசு குடுத்து வாங்கின?"

உலோகவியல்படி அம்மா சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் துருப்பிடிக்காத எஃகுதான்.

அடுத்து வந்தவன் என் மச்சினன். சுற்று வட்டாரத்தில் பேர் பெற்ற வயர்மேன். நூலின் மின்தடையை மீட்டர் வைத்து அளந்தான். ஓர் அடிக்குச் சுமார் பத்து ஓம். வீட்டு ஒயரிங்கில் போடும் செம்புக் கம்பிக்கு இது ஆயிரம் மடங்குக்கும் மேல். அவன் முகத்தில் தெரிந்தது இரக்கம்.

"இதுல கரண்ட் எப்பிடி மாமா போவும்?"

"மெதுவாப் போவும்."

"எர்த் எங்க குடுப்பீங்க?"

மூன்று வோல்ட்டுக்கு எர்த் தேவையில்லை, காய்ந்த தோலின் தடைக்கு முன்னால் மூன்று வோல்ட் ஒன்றும் செய்யாது, ஷாக் அடிக்காது என்று விளக்கினேன். நான் போடப்போகும் பேட்டரி 2032. எட்டணாவைவிடக் கொஞ்சம் சிறிது. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2, அளவைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். (ஷாக் அடிக்காதே தவிர, குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைப் பொத்துவிடும் சாமான் அது. பேரன் பேத்தி உள்ள வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள்.) மச்சினன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு எம்.சி.பி.யாச்சும் போட்டுக்குங்க மாமா" என்று எழுந்து போனான்.

பின்னக் கற்றுக்கொடுத்தது என் மனைவிதான். ஒயர் கூடையில் கை தேர்ந்தவள். கம்பளியும் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் பழகியது. பின்னல் ஊசிக்குப் பழைய குடையை உடைத்து இரண்டு கம்பிகளை உருவினோம். மப்ளரை அகலவாக்கில் பின்னாமல் நீளவாக்கில் பின்ன வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். அப்போதுதான் ஒரே வரிசை மப்ளரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும். அந்த வரிசையில் எஃகு நூலைச் சேர்த்துவிட்டால் அதுவே ஒயர். சேர்த்துப் பின்னுகிற வூல், கடையில் பெயர்தான் வூல், சரக்கு அக்ரிலிக். அது மின்சாரம் கடத்தாது. ஆகவே சாதா நூலில் சில வரிசை, பிறகு பிளஸ் வரிசை, மறுபடி சாதா நூலில் விரல் அகலம், பிறகு மைனஸ் வரிசை. இரண்டுக்கும் நடுவே எல்.ஈ.டி. பல்புகளின் கால்களைச் சுருட்டிக் கண்ணியில் கோத்துவிட வேண்டியது. நீளக் கால் பிளஸ். ஏட்டில் இவ்வளவு சுலபம்.

கண்ணி என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வேட்டியை இழுத்துப் பாருங்கள், நீளாது. பனியனை இழுத்தால் நீளும். வேட்டியில் பாவும் ஊடையும் நேர்க்கோட்டில் ஓடுகின்றன; ஜெயராமன் சட்டையைத் தறியில் நெய்தார், அதனால் நூல் ஒயரைப் போல ஒழுங்காக ஓடிற்று. பனியனில், அதாவது பின்னலில், நூல் வளைந்து வளைந்து கண்ணியாகப் போகிறது. ஒரு முழ வரிசைக்கு ஏறக்குறைய மூன்று முழ நூல் உள்ளே போய்விடும். போகட்டும் என்றால், அந்தக் கண்ணிகள் பக்கத்துக் கண்ணியை உரசிக்கொண்டே இருக்கின்றன. உரசுகிற இடத்திலெல்லாம் மின்சாரம் குறுக்கு வழியில் தாவும். துணியை இழுத்தால் உரசல் மாறும், உரசல் மாறினால் தடை மாறும். விஷயம் தெரிந்தவர்கள் இந்தக் குணத்தையே பயன்படுத்தி, முழங்கை மடங்குவதையும் மூச்சு இழுப்பதையும் அளக்கும் பின்னல் பட்டைகள் செய்கிறார்கள். எனக்கு அளக்க வேண்டியது ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது விளக்கு. கணக்குப் போட்டு வைத்த தாளில் ஒரு தடை, மீட்டரில் ஒரு தடை, நான் தும்மினால் வேறொரு தடை.

இதில் குடைக்கம்பி வேறு எனக்குத் துரோகம் செய்தது. பின்னிக்கொண்டிருக்கும்போது மீட்டர் அற்புதமான எண்களைக் காட்டிற்று. தடையே இல்லை என்கிற அளவுக்குச் சுத்தம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கம்பியை உருவினாள். எண் ஏறி உட்கார்ந்தது. அதுவரை மின்சாரம் என் நூலில் ஓடவேயில்லை, கண்ணிகள் மாட்டியிருந்த குடைக்கம்பியிலேயே நேராக ஓடியிருக்கிறது. நூல் சும்மா உடன் வந்திருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் நான் படிக்கக்கூடாத ஒன்றைப் படித்தேன். 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இருவர் துணியில் மின்சுற்று செய்யக் கிளம்பியபோது, அவர்கள் கையில் எடுத்த துணி இந்தியாவில் நெய்யப்படுகிற ஜரிகைப் பட்டு. ஆர்கன்சா என்பார்கள். ஒரு திசையில் வெறும் பட்டு, மறு திசையில் மெல்லிய உலோகத் தகடு சுற்றிய பட்டு. தகடு ஓடும் திசையில் மட்டும் மின்சாரம் ஓடும். இரண்டு துண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவே ஒரு வலைத் துணி கொடுத்து, தொட்டால் எழுத்து விழும் விசைப்பலகையே செய்துவிட்டார்கள். நம் ஜரிகையும் அதே சாதிதான்: நடுவில் பட்டு நூல், அதன்மேல் தட்டையாக்கிச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்குமேல் தங்க முலாம். மின்சாரம் கடத்துவதில் உலோகங்களுக்குள் வெள்ளிக்குத்தான் முதலிடம். காஞ்சிபுரத்தில் இந்த ஜரிகை செய்வதற்கென்றே 1971-இல் அரசாங்கம் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால், உலகத்தின் மிக உயர்ந்த மின்கடத்தும் நூல் என் வீட்டு பீரோவில் நாப்தலின் உருண்டை வாசத்தோடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் கம்பிநாருக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

மீட்டரில் 'பீப்' என்று சத்தம் வரும் இடத்துக்குத் திருகை வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தேன். நல்ல நாள் பார்க்கவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்கு இரண்டு சாட்சிகள் நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன்.

முதலில் எடுத்தது தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எடுத்துக் கொடுத்த பட்டு. ஜரிகைக் கரையின் ஓர் இழையில் இரண்டு முனையையும் வைத்ததுதான் தாமதம், பீப்ப்ப் என்று வீடே கேட்கக் கத்திற்று. மனைவியின் முகம் மலர்ந்தது. அடுத்தது எங்கள் வீட்டில் எடுத்த முகூர்த்தப் பட்டு.

மௌனம்.

கரையில் வைத்தேன், முந்தானையில் வைத்தேன், ஜரிகைப் பூ ஒன்றின் நெஞ்சிலேயே வைத்தேன். மௌனம்.

"பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார் அம்மா.

மனைவி ஒன்றும் பேசாமல் தன் அம்மா வீட்டுப் பட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வைத்தேன். பீப்ப்ப்.

அறிவியல் தெரிந்தவன் என்ற முறையில் உடனே சமாதானப் பேச்சில் இறங்கினேன். பீப் என்றால் வெள்ளி என்று அர்த்தமில்லை, செம்புக் கம்பியில் முலாம் பூசினாலும் இதே சத்தம்தான் வரும். மடிப்பில் தகடு அறுந்திருந்தால் அசல் ஜரிகையும் வாய் திறக்காது. பிளாஸ்டிக் தாளில் உலோகம் பூசி மேலே வார்னிஷ் அடித்த ஜரிகைதான் எங்கே வைத்தாலும் பேசாது. கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எக்ஸ்-ரே கருவியில் வைத்தால் எத்தனை பங்கு வெள்ளி, எத்தனை பங்கு செம்பு என்று துல்லியமாகத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப அதுல வெச்சிப் பாத்துடலாம்" என்றாள் மனைவி. அம்மா அன்று இராத்திரி சாப்பிடவில்லை.

விஷயம் எப்படி வெளியே போனதோ, மறுநாளிலிருந்து என் வீட்டுத் திண்ணைக்குப் பட்டுப்புடவைகள் வர ஆரம்பித்தன. "அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, எங்க நாத்தனார் எடுத்துக் குடுத்தது" என்று ஒருவர். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று இன்னொருவர். சத்தம் வந்தால் காபிப்பொடி, முறுக்கு என்று மரியாதை உண்டு. வராவிட்டால் மீட்டர் மட்டம் என்று பேச்சு. செம்புக்கும் சத்தம் வரும் என்ற என் எச்சரிக்கையை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை; சத்தம் வந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, வராதவர்களுக்கு அது உதவவில்லை. மச்சினன் வந்து, குடும்பங்கள் உடைவதற்குள் மீட்டரைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.

இத்தனைக்கும் நடுவே மப்ளர் முடிந்தது. பாதைக்கு வெளிச்சம் வேண்டுமே என்று முதலில் வெள்ளை பல்புகளைத்தான் கோத்தேன். அவை கண்ணைத் திறக்கவே இல்லை. வெள்ளை எல்.ஈ.டி. சரியாக எரிய ஏறத்தாழ மூன்று வோல்ட் கேட்கும். பேட்டரியில் இருப்பதே மூன்று. வழியில் நூலும் தன் பங்கைத் தின்றுவிடுகிறது. சிவப்புக்கு இரண்டு வோல்ட் போதும். சிவப்பாக மாற்றினேன். பேட்டரிப் பக்கத்து பல்பு ஜொலித்தது, அதற்கடுத்தது சுமார், கடைசி பல்பு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசி வீட்டு டியூப்லைட்டாக முனகிற்று. அந்தக் கடைசி வீட்டிலிருந்தே வருகிறவன் என்பதால் மச்சினனுக்கு நோய் உடனே புரிந்தது. "பேட்டரிய ஓரத்துல வெக்காதீங்க மாமா, நடுவுல வைங்க. லைன் ரெண்டு பக்கமும் பாதியாயிடும்" என்றான். வைத்தேன். எல்லாம் ஓரளவு சமமாக எரிந்தன. மின்வாரியத்துக்கும் அவனைப் போல ஒரு மச்சினன் வேண்டும்.

துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாக அழகாக எரிந்தது. தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் அதை எடுத்துக் கம்பீரமாகக் கழுத்தில் சுற்றினேன். அணைந்துவிட்டது. கழற்றித் தொங்கவிட்டேன், எரிந்தது. சுற்றினேன், அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், மேஜிக் என்று நினைத்துவிட்டார்கள்.

மப்ளர் என்றால் ஒரு சுற்று சுற்றி மேலே போட வேண்டும். போட்டால் மேல் மடிப்பின் பிளஸ் வரிசை, கீழ் மடிப்பின் மைனஸ் வரிசைமேல் ஜம்மென்று உட்கார்ந்துகொள்கிறது. ஷார்ட் சர்க்யூட். பல்புக்குப் போக வேண்டிய மின்சாரம் குறுக்கே போய்விடுகிறது. இதுபோக எங்கள் ஊர் வேர்வை ஒன்று இருக்கிறது, உப்புத் தண்ணீர். அதுவும் தன் பங்குக்குக் கடத்தும்.

"புடவை ஃபால்ஸ் வாங்கி, தண்ணியில நனைச்சிக் காயவெச்சி, அந்த ரெண்டு வரிசை மேலயும் மூடித் தெச்சிட்டா ஒண்ணோட ஒண்ணு படாது" என்றாள் மனைவி. துணியில் மின்சுற்று செய்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். நான் ஆவலாக ஊசியை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. "முகூர்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் தெச்ச கை. இப்ப வலிக்குது" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகவே சுற்றாமல், கட்சிக்காரர்கள் துண்டு போடுவதுபோல இரண்டு தோளிலும் தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரி மோட்டார் போடப் போனேன். வெளிச்சம் என் தாடையைத் தவிர எதன்மேலும் படவில்லை. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. வரப்பில் தடவித் தடவி நடந்து, மடை திருப்பி, ஒரு தடவை மட்டும் சேற்றில் உட்கார்ந்து, வீடு வந்து சேர்ந்தேன். ஜெயராமன் சட்டையாக இருந்தால் உட்கார்ந்த இடத்தை அட்லாண்டாவுக்கே சொல்லியிருக்கும். காலையில் டீக்கடையில் ஒரே பேச்சு. பக்கத்துக் கொல்லைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்தாராம். சோளத் தட்டைக்கு நடுவே கழுத்து உயரத்தில் செக்கச்செவேல் என்று ஏழெட்டுக் கண், அசைந்து அசைந்து போய், திடீரென்று பூமிக்குள் இறங்கியதாம். முனி போகிற தடம் அது, அந்தக் காலத்திலிருந்தே உண்டு என்று பெரியவர் ஒருவர் உறுதிப்படுத்தினார். கொல்லைக்காரர் முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். பூமிக்குள் இறங்கிய விவரத்தை நான்தான் விளக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

அதற்குப் பிறகு மப்ளர் கொடியிலேயே கிடந்தது. அம்மா அதை ஒருநாள் எடுத்து, பேட்டரியைப் பித்தான் என்று நினைத்துக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, கல்லில் நாலு சாத்துச் சாத்தி அலசிக் காயப்போட்டார். கோத்திருந்த பல்புகளில் ஒன்றிரண்டு உதிர்ந்தன. எஃகு நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிநார் என்று அம்மா வைத்த பெயருக்கு அது விசுவாசமாக நடந்துகொண்டது.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை கட்டிக்கொண்டிருந்தபோது, சலங்கைப் பட்டை போதவில்லை என்று மனைவி அந்த மப்ளரை எடுத்துச் செவலைப் பசுவின் கழுத்தில் கட்டினாள். பேட்டரியைக் கழுத்தின் மேல்புறம், நாக்கு எட்டாத இடத்தில், சின்னப் பைக்குள் வைத்துத் தைத்தாள். கட்டியதும் அத்தனை பல்பும் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. எனக்குக் கொஞ்சநேரம் புரியவில்லை. பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். மாட்டுக் கழுத்துக்கு அது சரியாக ஒரே சுற்று. முனையோடு முனை சேர்ந்து முடிச்சு விழுகிறதே தவிர, மடிப்பு மடிப்பின்மேல் ஏறவில்லை. ஷார்ட் ஆக வழியே இல்லை. ஃபால்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அளவு, அமைப்பு, பேட்டரி இடம் எல்லாம் செவலைக்கென்றே செய்தது போலக் கச்சிதம். வேர்வைத் தொல்லைகூட என் கழுத்தைவிட அதன் கழுத்தில் குறைவு.

அன்று சாயங்காலம் தெருவில் மாடு ஓட்டியபோது எங்கள் செவலையைத் தவிர வேறு மாட்டை யாரும் பார்க்கவில்லை. எங்கே வாங்கியது என்று கேட்டவர்களிடமெல்லாம் மனைவி, "வாங்கல, எங்க வூட்டுக்காரரே பின்னுனது" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அம்மாகூட மறுக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு இப்போதே நாலைந்து பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்குமேல் போனால் அணைந்துவிடும், ஒரு சுற்றுக்குக் குறைந்தால் முடிச்சுப் போட முடியாது, ஆகவே ஒவ்வொரு கழுத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பசுக்களின் அளவு வந்துவிட்டது. மேலத்தெருக்காரர் வீட்டுக் காளைக்குத்தான் இன்னும் எடுக்கவில்லை. கண்டுபிடித்தவர்தான் வந்து எடுக்க வேண்டும் என்கிறார் அவர். வயர்மேனை அனுப்புகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சினன் மீட்டரைத் திருப்பித் தராமல் இருப்பதற்கு இப்போது புதுக் காரணம் ஒன்று கிடைத்துவிட்டது; எங்கள் தெருப் பக்கமே அவன் வருவதில்லை.